சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு பிசினஸ் கிளாஸ்: கட்டுப்படியாகும் விலையில் டிக்கெட் எடுக்க முழுமையான வழிகாட்டி

அப்பா முதல் முறை டல்லாஸ் வந்து இறங்கியபோது அவர் காலில் செருப்பு நுழையவில்லை. பாதம் இரண்டும் வீங்கிப்போய், செருப்பைக் கையில் பிடித்தபடி வீல்சேரில் வெளியே வந்தார். 72 வயது, சர்க்கரை வேறு. "ஒண்ணுமில்லடா, ஒரே இடத்துல உட்கார்ந்து வந்தது, சரியாயிடும்" என்றார். சரியாக நான்கு நாள் ஆனது. இன்னொரு தடவை அவரை இப்படி வரவைக்கக் கூடாது என்று அன்றே முடிவு செய்துகொண்டேன்.

முடிவு செய்வது எளிது. அடுத்த ஆண்டு பிசினஸ் கிளாஸ் விலையைப் பார்த்ததும் தலை சுற்றியது. ஆளுக்கு ஐந்தரை லட்சம், அப்பா அம்மா இருவருக்கும் சேர்த்து பதினொரு லட்சம். ஊரில் ஒரு மனையே வாங்கலாம். ஆனாலும் விடாமல் மூன்று மாதம் பார்த்துக்கொண்டே இருந்ததில், அதே சென்னை–டல்லாஸ் இருவழி பிசினஸ் கிளாஸ் ஆளுக்கு 3,20,000 ரூபாய்க்குக் கிடைத்தது. அதற்கடுத்த முறை போகும் வழியை மைல்ஸில் (விமான நிறுவனங்கள் தரும் வெகுமதிப் புள்ளிகளில்) எடுத்ததால் கைக்காசு இன்னும் குறைந்தது. அந்த மூன்று மாதத்திலும் அதற்குப் பிறகும் கற்றுக்கொண்டதை, அப்பா அம்மாவை அமெரிக்காவுக்கோ கனடாவுக்கோ அழைக்க நினைக்கும் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

இது ஆடம்பரம் இல்லையா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வின்படி, நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் காலின் ஆழத்திலுள்ள சிரைகளில் ரத்தம் உறையும் அபாயம் ஏறக்குறைய இரு மடங்காகிறது. ஆரோக்கியமானவர்களுக்கு அது ஆறாயிரத்தில் ஒருவருக்கு என்ற அளவில்தான். வயதும் பழைய நோயும் சேர்ந்தால் கணக்கு மாறும். படுத்துக்கொண்டு வந்தாலும் அவ்வப்போது எழுந்து நடக்கத்தான் வேண்டும். ஆனால் மூட்டுவலிக்காரருக்குக் காலை நீட்டிப் படுக்க முடிகிற பயணமும் முடியாத பயணமும் ஒன்றல்ல.

முதல் படி: எந்த விமானத்தில் படுக்கை வேண்டும்?

"பிசினஸ் கிளாஸ் எவ்வளவு?" என்று மொத்தமாகக் கேட்பதை விட்டுவிட்டு, பயணத்தைத் துண்டு துண்டாகப் பாருங்கள். சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு நேரடி விமானம் கிடையாது. எங்காவது மாறித்தான் ஆகவேண்டும். எங்கே மாறுகிறோம் என்பதைப் பொறுத்து செலவுக் கணக்கே வேறாகிவிடும்.

துபாய், தோஹா, அபுதாபி வழி என்றால் முதல் துண்டு நாலரை, ஐந்து மணி நேரம். இரண்டாவது துண்டு 14 முதல் 16 மணி நேரம். சிங்கப்பூர் வழியாக சான் பிரான்சிஸ்கோ போனாலும் இதே கதைதான். ஃபிராங்க்ஃபர்ட், லண்டன் வழி என்றால் இரண்டு துண்டும் ஏறத்தாழ பத்துப் பத்து மணி நேரம். வளைகுடா வழியில் சின்னத் துண்டை எகானமியில் சமாளித்து, பெரிய துண்டுக்கு மட்டும் படுக்கை எடுக்கலாம். ஐரோப்பா வழியில் அப்படிப் பிரிக்க முடியாது. ஒன்றில் படுத்து ஒன்றில் உட்கார்ந்தாலும் பத்து மணி நேரம் கால் தொங்கும்.

பெரிய துண்டுக்கு மட்டும் பிசினஸ் கிளாஸ் என்பது ரொக்க டிக்கெட்டில் எப்போதும் மிச்சம் தராது. முழுப் பயணத்துக்குமான ஆஃபர் விலையைவிடக் கலப்பு டிக்கெட் கூடுதலாக வந்ததையும் பார்த்திருக்கிறேன். இந்த உத்தி நன்றாகப் பலிப்பது மைல்ஸிலும், எகானமி எடுத்து பிசினஸுக்கு மாறும் அப்கிரேடிலும்தான். இரண்டையும் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

இரண்டாம் படி: தேதி

விலையைத் தீர்மானிப்பதில் பாதி இங்கேயே முடிந்துவிடுகிறது. நம் ஆட்கள் பெற்றோரை அழைப்பது பெரும்பாலும் ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை. வெயிலுக்குத் தப்பிக்கலாம், பேரப்பிள்ளைகளுக்கும் பள்ளி விடுமுறை. அதே சமயத்தில்தான் எல்லோரும் அழைக்கிறார்கள். டிசம்பர் நடுவில் அமெரிக்காவிலிருந்து இந்தியா வரும் கூட்டம், ஜனவரி முதல் வாரத்தில் திரும்பிப் போகும் கூட்டம். இந்த நாட்களில் மலிவு டிக்கெட் தேடுவது வீண் உழைப்பு.

பிப்ரவரி, மார்ச் முதல் பாதி, செப்டம்பர், அக்டோபர் முதல் பாதி ஆகியவை நான் பார்த்தவரையில் நல்ல விலை கிடைக்கும் காலம். செப்டம்பரில் வந்து பிப்ரவரியில் திரும்பினால் விலை நன்றாக இறங்கும். அமெரிக்காவில் தங்குவதற்கு வழக்கமாகத் தரும் ஆறு மாத அனுமதிக்குள் அது அடங்கியும் விடும். ஆனால் டெட்ராய்ட் குளிரை அப்பா அம்மா தாங்குவார்களா என்பதை நீங்கள்தான் முடிவு செய்யவேண்டும். டெக்சாஸ், கலிஃபோர்னியா, ஃபுளோரிடாவில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. பிசினஸ் கிளாஸை நிரப்புவது பெரும்பாலும் கம்பெனிக் காசில் பறப்பவர்கள். அவர்கள் விடுமுறைக்குப் போய்விடும் ஜூலை, ஆகஸ்டிலும் கிறிஸ்துமஸ் வாரத்திலும் முன்வரிசை சீட்டுகள் காலியாக இருக்கும். எகானமி உச்சத்தில் இருக்கும் அதே நாட்களில் ஐரோப்பிய நிறுவனங்கள் பிசினஸ் கிளாஸுக்கு ஆஃபர் போடுவது இதனால்தான். லண்டன், ஃபிராங்க்ஃபர்ட் வழிப் பயணத்துக்கு இந்த நாட்களை ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

வாரநாளைப் பொறுத்தவரை, நான் பார்த்தவரை செவ்வாய், புதன் மலிவு. வெள்ளி, ஞாயிறு விலை ஏறும்.

மூன்றாம் படி: தேடுவது

கூகுள் ஃபிளைட்ஸ் ஒன்றே முக்கால்வாசி வேலைக்குப் போதும். மெட்ராஸ் டு டல்லாஸ், இருவழி, பிசினஸ் என்று போட்டுவிட்டு, தேதிக் கட்டத்தைத் திறந்து பாருங்கள். போகும் நாள் குறுக்கே, திரும்பும் நாள் நெடுக்கே என்று ஒரு சதுரம் வரும். எனக்கு அன்று வந்த சதுரத்தில் வியாழன் புறப்பாடு 4,85,000. ஐந்து கட்டம் தள்ளி, அடுத்த வாரத்துச் செவ்வாய் 3,60,000. விமானமும் அதே, சீட்டும் அதே. நாள் மட்டும் வேறு.

இதற்குக் காரணம் ஒரே சீட்டைப் பல விலைப் பெட்டிகளில் போட்டு விற்பதுதான். ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் எழுத்து உண்டு. லுஃப்தான்சாவில் ஜே (J) என்றால் முழு விலை, பி (P) என்றால் பிசினஸ் கிளாஸிலேயே மலிவானது. பி பெட்டியில் சீட்டு தீர்ந்ததும் அடுத்த பெட்டி திறக்கும், விலை ஏறும். மலிவுப் பெட்டிகளுக்கு நிபந்தனைகளும் உண்டு: பயணத்துக்கு இத்தனை நாள் முன்பே எடுத்திருக்கவேண்டும், போன இடத்தில் இத்தனை நாளாவது தங்கவேண்டும் என்பன போல.

இதிலிருந்து ஓர் உத்தி. முதலில் ஒருவருக்கு என்று போட்டுத் தேடுங்கள், பிறகு இருவருக்கு. மலிவுப் பெட்டியில் ஒரே சீட்டு மிச்சமிருந்தால், இருவருக்கும் சேர்த்துக் கேட்கும்போது கணினி இரண்டையுமே அடுத்த பெட்டி விலையில் காட்டும். ஆள் விலை இரண்டுக்கும் மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் தனித்தனியாக எடுத்து மிச்சம் பிடிக்கலாம். வயதானவர்களாக இருந்தால் மட்டும் நான் அப்படிச் செய்வதில்லை. விமானம் ரத்தாகி வேறொன்றில் மாற்றும்போது ஒரே பிஎன்ஆரில் இருப்பவர்களைப் பிரிக்காமல் அனுப்புவார்கள். இருபதாயிரம் மிச்சத்துக்காக அம்மாவை ஒரு ஊரிலும் அப்பாவை ஒரு ஊரிலும் நிறுத்த வேண்டாம்.

விலைக் கண்காணிப்பை மூன்று நான்கு தேதிகளுக்குப் போட்டு வையுங்கள். டல்லாஸுக்கு மட்டும் பார்க்காமல் ஹூஸ்டன், ஆஸ்டின் என்று பக்கத்து ஊர்களையும் சேருங்கள். பல நேரம் நான்கு மணி நேரக் கார் ஓட்டம் ஒரு லட்சத்தை மிச்சப்படுத்தும். புறப்படும் பக்கமும் அப்படியே. கோவை, ஓசூர், சேலம் பக்கத்தவர்கள் பெங்களூரையும், திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கத்தவர்கள் திருவனந்தபுரத்தையும், தேனி, பொள்ளாச்சிக்காரர்கள் கொச்சியையும் கட்டாயம் பார்க்கவேண்டும்.

ஆஃபர்கள் பெரும்பாலும் ஜனவரியிலும் நவம்பர் கடைசியில் வரும் பிளாக் ஃபிரைடே வாரத்திலும் வரும். மூன்று நான்கு நாள்தான் இருக்கும். எந்த விலை வந்தால் எடுப்பது என்று முன்கூட்டியே ஓர் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் எழுதி வைத்தது 3,30,000. அது வந்தபோது யாரையும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

அமெரிக்காவுக்குப் போகும், வரும் விமானங்களுக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. பயணத்துக்கு ஏழு நாளாவது இருக்கும்போது விமான நிறுவனத்திடம் நேரடியாக எடுத்தால், 24 மணி நேரத்துக்குள் காசு பிடிக்காமல் ரத்து செய்யலாம். அல்லது அதே விலையில் 24 மணி நேரம் பிடித்து வைக்க நிறுவனம் அனுமதிக்கவேண்டும். அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் விதி இது. நல்ல விலை கண்ணில் பட்டால் முதலில் எடுத்துவிடுங்கள், பிறகு வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். ஏஜென்ட் வழியாக எடுத்தால் இந்த உரிமை தானாக வராது.

நான்காம் படி: வேறு ஊரிலிருந்து தொடங்குவது

டிக்கெட் விலையைத் தூரம் மட்டும் தீர்மானிப்பதில்லை. அந்தந்த ஊர்ச் சந்தை என்ன கொடுக்கும் என்பதும் தீர்மானிக்கிறது. சென்னையிலிருந்து ஒன்றேகால் மணி நேரத்தில் இருக்கும் கொழும்பிலிருந்து தொடங்கினால், அதே நிறுவனத்தின் பிசினஸ் கிளாஸ் பல நேரம் கணிசமாகக் குறையும். ஆஸ்திரேலியா போகிறவர்கள் கோலாலம்பூரைச் சோதிக்கலாம்.

இதில் உள்ள ஆபத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். சென்னை–கொழும்பு தனி டிக்கெட், கொழும்பு–அமெரிக்கா தனி டிக்கெட். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு இலங்கையில் நுழைய மின்னணுப் பயண அனுமதி வேண்டும், பெட்டியை எடுத்து மறுபடி போடவேண்டும், முந்தின நாளே போய்த் தங்கவேண்டும். "கொழும்பிலிருந்து தானே மலிவு, சென்னையிலேயே நடுவில் ஏறிக்கொள்ளலாம்" என்றும் நினைக்காதீர்கள். முதல் துண்டில் ஏறாவிட்டால் மிச்சத் துண்டுகள் எல்லாம் தானாக ரத்தாகிவிடும்.

தனியாகப் பறக்கும் இளைஞருக்கும், கொழும்பில் சொந்தம் இருப்பவர்களுக்கும் இது அருமையான வழி. வீல்சேரில் வரும் பெற்றோருக்கு நான் சொல்லமாட்டேன்.

இங்கிலாந்தில் இருக்கும் நம்மவர்களுக்கு இது வேறு விதத்தில் உதவும். அங்கிருந்து புறப்படும் ஒவ்வொருவருக்கும் விமானப் பயணி வரி உண்டு. எகானமியைவிட பிசினஸுக்கு இரண்டு மடங்குக்கும் மேல். 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரையிலான கணக்கில், இந்தியா இருக்கும் தூரப் பிரிவுக்கு எகானமியில் 90 பவுண்டு, பிசினஸில் 216 பவுண்டு. நான்கு பேர் குடும்பத்துக்கு அது 864 பவுண்டு. டப்ளினிலிருந்து தொடங்கினால் அந்த வரி இல்லை. ஸ்காட்லாந்தின் இன்வர்னெஸ் விமான நிலையத்துக்கும் விலக்கு உண்டு. அங்கிருந்து ஒரே டிக்கெட்டில் லண்டன் வழியாகப் போகலாம்.

ஐந்தாம் படி: மைல்ஸ்

கட்டுப்படியாகும் பிசினஸ் கிளாஸ் என்றால் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பறந்து பறந்து மைல்ஸ் சேர்ப்பது நம்மைப் போன்றவர்களுக்கு ஆகிற காரியமில்லை. சேர்ப்பது கிரெடிட் கார்டில்தான். அமெரிக்காவில் சேஸ், அமெக்ஸ், சிட்டி, கேபிடல் ஒன் கார்டுகள் புதிதாகச் சேருபவருக்கு 60,000 பாயிண்ட்ஸ், சில சமயம் ஒரு லட்சம் வரை தருகின்றன. முதல் மூன்று மாதத்தில் குறிப்பிட்ட தொகையைச் செலவழிக்கவேண்டும். கணவன் ஒன்று, மனைவி ஒன்று எடுத்தால் பெற்றோர் இருவருக்கும் ஒருவழி பிசினஸ் கிளாஸ் ஏறக்குறைய வந்துவிடும். இந்தியாவில் ஆக்ஸிஸ் அட்லஸ், எச்டிஎஃப்சி இன்ஃபினியா போன்ற கார்டுகளின் பாயிண்ட்ஸை சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர், ஏர் ஃபிரான்ஸ்–கேஎல்எம்மின் ஃபிளையிங் புளூ போன்ற மைல்ஸ் திட்டங்களுக்கு மாற்றலாம். மாற்று விகிதத்தை வங்கிகள் அடிக்கடி திருத்துகின்றன, மாற்றும் அன்று பாருங்கள். மாதா மாதம் பில்லை முழுதாகக் கட்ட முடியாதவர்கள் இந்தப் பக்கமே வரவேண்டாம். வட்டி கட்டினால் மைல்ஸ் எல்லாம் கரைந்துபோகும்.

ஒரு நிறுவனத்தின் மைல்ஸை வைத்து அதன் கூட்டணி நிறுவனத்தில் பறக்கலாம் என்பதுதான் இதன் சாரம். சென்னை வழிக்கு நான் பயன்படுத்தும் சில:

அமெரிக்கன் ஏர்லைன்ஸ் மைல்ஸில் கத்தார் ஏர்வேஸ். நான் எடுத்தபோது இந்தியாவிலிருந்து அமெரிக்காவுக்கு ஒருவழி பிசினஸ் 70,000 மைல்ஸ். வரி சொற்பம். சீட்டு கிடைப்பது அரிது, கிடைத்தால் இதற்கு இணை இல்லை.

ஏர் கனடாவின் ஏரோபிளான் பாயிண்ட்ஸில் ஃபிராங்க்ஃபர்ட் வழியாக லுஃப்தான்சா. கூட்டணி விமானங்களுக்கு எரிபொருள் சர்சார்ஜ் போடுவதில்லை என்பது இதன் பெரிய பலம். 5,000 பாயிண்ட்ஸ் கூடக் கொடுத்தால் நடுவில் ஓர் ஊரில் இறங்கிச் சில நாள் தங்கியும் போகலாம். பத்துப் பத்து மணி நேரமாக வரும் பெற்றோருக்கு நடுவே இரண்டு நாள் ஓய்வு என்பது பெரிய வரம், ஐரோப்பாவில் நுழைய ஷெங்கன் விசா எடுக்க வேண்டியிருந்தாலும்.

பிரிட்டிஷ் ஏர்வேஸ், கத்தார், ஃபின்னேர், ஐபீரியா எல்லாம் அவியோஸ் என்ற ஒரே நாணயத்தைப் பயன்படுத்துகின்றன. பிரிட்டிஷ் ஏர்வேஸ் தன் நீண்டதூர விமானம் ஒவ்வொன்றிலும் குறைந்தது நான்கு பிசினஸ் சீட்டுகளை மைல்ஸுக்கு ஒதுக்குவதாக உறுதி தந்திருக்கிறது. பயணத்துக்கு 355 நாள் முன்பு அவை திறக்கும். சென்னை–லண்டன் நேரடி விமானத்துக்கும் இது பொருந்தும். ஆனால் சர்சார்ஜ் கனமாக விழும், கூட்டிப் பார்த்து எடுங்கள்.

ஃபிளையிங் புளூ மாதந்தோறும் சில ஊர்களுக்கு மைல்ஸ் விலையைக் குறைத்து அறிவிக்கும். பெங்களூரிலிருந்து போகக்கூடியவர்கள் அதில் ஒரு கண் வைக்கலாம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் நல்ல சீட்டுகளை பெரும்பாலும் தன் உறுப்பினர்களுக்கே தரும், அதனால் அதில் பறக்க கிரிஸ்ஃபிளையர் மைல்ஸ்தான் வேண்டும். வேறொருவருக்கு டிக்கெட் எடுக்க அவரை முன்கூட்டியே நாமினியாகச் சேர்க்கவேண்டும், ஐந்து பேர் வரை சேர்க்கலாம். மைல்ஸ் மூன்று வருடத்தில் காலாவதியாகிவிடும்.

வேலை செய்யும் வரிசை இது. முதலில் சீட்டைத் தேடிக் கண்டுபிடியுங்கள். அந்தந்த நிறுவனத்தின் தளத்திலோ சீட்ஸ் ஏரோ போன்ற தேடுதளத்திலோ பார்க்கலாம். சீட்டு கண்ணெதிரே இருப்பது உறுதியான பிறகுதான் வங்கிப் பாயிண்ட்ஸை மைல்ஸாக மாற்றவேண்டும். மாற்றியதைத் திரும்ப வாங்க முடியாது. ஆசையில் முன்கூட்டியே மாற்றி, ஒன்றுக்கும் உதவாமல் 80,000 மைல்ஸை இரண்டு வருடம் வைத்திருந்த அனுபவம் எனக்குண்டு.

சீட்டு இரண்டு சமயங்களில் திறக்கும்: பதினொரு மாதத்துக்கு முன்பு, பிறகு கடைசி இரண்டு வாரத்தில். பெற்றோருக்கு முதலாவதுதான் சரி. இரண்டாவது, பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு காத்திருக்கத் தயாரானவர்களுக்கு.

மைல்ஸில் எடுப்பது லாபமா என்று ஒவ்வொரு முறையும் கணக்குப் போடுங்கள். இருவழி ஆஃபர் விலை 3,20,000 என்றால் ஒருவழி 1,60,000. மைல்ஸில் எடுத்தால் 70,000 மைல்ஸும் வரி 6,000 ரூபாயும். 1,54,000-ஐ 70,000-ஆல் வகுத்தால் ஒரு மைலுக்கு 2 ரூபாய் 20 பைசா. எனக்கு ஒன்றரை ரூபாய்க்கு மேல் வந்தால் மைல்ஸ், கீழே போனால் ரொக்கம்.

ஆறாம் படி: எகானமி எடுத்து ஏலம் கேட்பது

எதிஹாத், லுஃப்தான்சா, மலேசியா ஏர்லைன்ஸ் உட்படப் பல நிறுவனங்கள், எகானமி டிக்கெட் எடுத்தவரிடம் "பிசினஸுக்கு மாற எவ்வளவு தருவீர்கள்?" என்று கேட்கின்றன. தொகையை எழுதிப் போடலாம். ஏற்றுக்கொண்டால் மட்டும் கார்டில் பிடிப்பார்கள்.

ஏலத் தொகை ஆளுக்கு, ஒரு விமானத்துக்கு என்பதை மறக்காதீர்கள். இங்கேதான் முதல் படியில் சொன்னது கைகொடுக்கும். சென்னை–அபுதாபிக்கு ஒரு பைசாவும் கேட்காதீர்கள். முழுத் தொகையையும் நீண்ட துண்டில் போடுங்கள். கேட்கும் முன் அந்த விமானத்தின் சீட்டு வரைபடத்தைத் திறந்து பிசினஸில் எத்தனை காலி என்று பாருங்கள். பாதிக்கு மேல் காலி என்றால் குறைந்தபட்சத் தொகைக்குச் சற்று மேலே போதும். எகானமியிலேயே அடிமட்ட விலை டிக்கெட்டுகளுக்கு ஏலம் திறக்காமல் போகலாம், எடுக்கும்போதே விதியைப் படியுங்கள். ஏலத்தில் மாறினாலும் லக்கேஜ் அளவு பழைய டிக்கெட்படியே இருப்பதும் உண்டு.

கிடைக்காமலும் போகலாம். கிடைக்காவிட்டால் எகானமியில் வரமுடியாத நிலையில் இருப்பவருக்கு இந்த வழி வேண்டாம்.

ஏழாம் படி: காசு கட்டும் முன்

எந்த விமானம் என்று பாருங்கள். பிசினஸ் கிளாஸ் என்ற பெயர் ஒன்றுதான், உள்ளே இருப்பது விமானத்துக்கு விமானம் வேறு. கத்தாரின் கியூசூட்டில் கதவு போட்ட தனியறை. எமிரேட்ஸின் ஏ380 ரக விமானத்தில் ஒவ்வொருவருக்கும் நேரடியாக நடைபாதை. அதே எமிரேட்ஸின் இன்னும் மாற்றப்படாத சில 777-களில் வரிசைக்கு ஏழு சீட், நடுவில் மாட்டிக்கொள்பவர் பக்கத்து ஆளைத் தாண்டித்தான் கழிவறைக்குப் போகவேண்டும். இரவில் மூன்று முறை எழுந்திருக்கும் அப்பாவுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஏரோலோபா தளத்தில் விமான வகையைப் போட்டால் சீட்டு அமைப்பு தெளிவாகத் தெரியும். 1-2-1 (ஓரங்களில் ஒவ்வொன்று, நடுவில் இரண்டு) என்று இருப்பதை எடுங்கள். ஐரோப்பாவுக்குள் பறக்கும் சின்ன விமானங்களில் பிசினஸ் என்பது எகானமி சீட்டேதான், நடு சீட்டை மட்டும் காலியாக விடுவார்கள்.

மலிவு பிசினஸில் என்னென்ன இல்லை என்று பாருங்கள். கத்தார், எமிரேட்ஸ் இரண்டிலும் லவுஞ்ச் (விமான நிலைய ஓய்வறை) இல்லாத, சீட்டை இலவசமாகத் தேர்ந்தெடுக்க முடியாத விலை வகை உண்டு. தோஹாவில் ஏழு மணி நேரம் காத்திருக்கவேண்டும் என்றால் லவுஞ்சுக்காகக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். ஒன்றரை மணி நேரத்தில் மாறுவதானால் தேவையே இல்லை.

வரியைப் பாருங்கள். இந்தியாவில் 2025 செப்டம்பர் 22 முதல் எகானமிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், பிசினஸுக்கு 18 சதவீதம். முன்பு 12 ஆக இருந்தது. விளம்பர விலையை நம்பாமல் கடைசிப் பக்கத்துத் தொகையை ஒப்பிடுங்கள். வெளிநாட்டு நாணயத்தில் கட்டினால் கார்டின் மாற்றுக் கட்டணமும் சேரும்.

பெயரைப் பாருங்கள். இது நமக்கே உரிய சிக்கல். அப்பாவின் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இடம் வெறுமையாக இருந்தது. விசாவில் முதல் பெயர் தெரியவில்லை என்பதற்கான எஃப்என்யு என்ற மூன்றெழுத்து. டிக்கெட்டில் ஏஜென்ட் இனிஷியலை விரித்து தாத்தா பெயரைப் போட்டுவிட்டார். திருத்தச் சொல்லி பதினொரு நாள் அலைந்தோம். டிக்கெட் எடுக்கும் முன் அந்த நிறுவனத்தை அழைத்து, ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு எப்படிப் பதிய வேண்டும் என்று கேட்டு, அப்படியே செய்யுங்கள். மைல்ஸ் கணக்கிலும் அதே பெயர் இருக்கட்டும்.

ஏஜென்ட் வழியாக எடுப்பது தவறல்ல. நல்ல ஏஜென்ட்டுகளுக்கு நமக்குக் கிடைக்காத மொத்த விலை கிடைக்கும். ஆனால் நம்ப முடியாத விலையில் பிசினஸ் கிளாஸ் என்று வாட்ஸ்அப்பில் வந்தால் உஷாராக இருங்கள். யாரோ ஒருவர் மைல்ஸை விலைக்கு வாங்கி எடுக்கும் டிக்கெட்டாக அது இருக்கலாம். விமான நிறுவனம் கண்டுபிடித்தால் புறப்படும் நாளிலும் ரத்து செய்யும். காசு கொடுத்த உடனே 13 இலக்க டிக்கெட் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். கத்தார் என்றால் 157, எமிரேட்ஸ் 176, லுஃப்தான்சா 220, சிங்கப்பூர் 618 என்று தொடங்கும். பிஎன்ஆரை விமான நிறுவனத்தின் தளத்தில் நீங்களே போட்டு, டிக்கெட் வழங்கப்பட்டதா, இருவருக்கும் எல்லாத் துண்டிலும் பிசினஸ்தானா என்று பாருங்கள்.

எட்டாம் படி: எடுத்த பிறகு

மாதம் ஒருமுறை புக்கிங்கைத் திறந்து பாருங்கள். விமானத்தை மாற்றினால் தேர்ந்தெடுத்த சீட்டு பறிபோயிருக்கும், அப்பாவும் அம்மாவும் வேறு வேறு வரிசையில் இருப்பார்கள். சீக்கிரம் கவனித்தால் போனில் சரிசெய்து தருவார்கள். நேரத்தைப் பெரிதாக மாற்றினால் அது உங்களுக்கு வாய்ப்பு: இன்னும் நல்ல இணைப்புக்குக் கட்டணமின்றி மாற்றித் தரச் சொல்லுங்கள். அமெரிக்காவுக்கு வரும் போகும் விமானங்களில், புறப்பாடு ஆறு மணி நேரமாவது முன்னதாகவோ, வருகை ஆறு மணி நேரமாவது தாமதமாகவோ மாறி, அந்த மாற்றத்தை நீங்கள் ஏற்காவிட்டால் முழுப் பணமும் திரும்பக் கேட்கலாம். பிசினஸிலிருந்து எகானமிக்கு இறக்கினால் வித்தியாசத் தொகையைக் கேட்டு வாங்கவும் உரிமை உண்டு.

வீல்சேரையும் சாப்பாட்டையும் புக்கிங்கில் பதியுங்கள். ஒருவருக்கு ஒரு சிறப்பு உணவுதான் பதிவார்கள். சர்க்கரை நோயாளி உணவு என்று போட்டால் அதில் கோழி வரலாம். சைவம் சாப்பிடும் அப்பாவுக்கு இந்திய சைவ உணவைப் பதிந்துவிட்டு, இனிப்பை விலக்கச் சொல்லி வைத்தேன்.

கடைசியாக ஒரு தாள். முதல் முறை பிசினஸில் வந்தபோது அம்மா ஆறு மணி நேரம் நிமிர்ந்தே உட்கார்ந்து வந்திருக்கிறாள், சீட்டு படுக்கையாகும் என்று தெரிந்தும் எந்தப் பட்டன் என்று கேட்கக் கூச்சம். அடுத்த முறை ஒரு தாளில் நான்கு வரி எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொன்றும் தமிழில் ஒரு வரி, கீழே அதையே ஆங்கிலத்தில் ஒரு வரி. இந்தச் சீட்டைப் படுக்கையாக்கித் தாருங்கள். சாப்பாட்டுக்கு எழுப்புங்கள். காபிக்கு எழுப்ப வேண்டாம். என் கணவர் மூன்றாவது வரிசையில் இருக்கிறார், அவர் மாத்திரை என்னிடம் இருக்கிறது. அந்தத் தாளைப் பாஸ்போர்ட் உறையிலேயே மடித்து வைத்திருக்கிறாள், போகும்போதும் வரும்போதும் அதையே நீட்டுகிறாள்.